திரும்பிப் போகும் அல்சேஷன்

கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் நாய்க்காப்பகத்து வான் நிற்கிறது. திறந்த கதவுக்குள் கூண்டுக் கம்பிகள் மத்தியான வெயிலில் மினுங்குகின்றன. வீட்டுச் சொந்தக்காரர் நாய் கூடாது என்றுவிட்டதால், போன மாதம் கூட்டிவந்த அல்சேஷனை யூஜினா திருப்பிக் கொடுக்கிறாள். இத்தனை நாளும் கட்டிலுக்கடியில் ஒடுங்கிக் கிடந்து, அவள் கை பட்டாலே நடுங்கிய நாய், காப்பகத்து டெரிக்கைக் கண்டதும் அவளுக்குப் பின்னால் ஒளிந்து முழங்காலில் தலையைச் சாய்க்கிறது. "இந்தச் சாதி லேசில ஒட்டாது அன்ரி. ஒட்டினா ஒராளோடதான்," என்கிறான் டெரிக். "இண்டைக்கோடா உனக்கு என்னைப் பிடிச்சது, பேயா?" அவள் அதன் காதைத் தடவுகிறாள். மேல்மாடியில் வீட்டுச் சொந்தக்காரர் இருமுகிறார். டெரிக் கயிற்றை இழுக்கிறான், நாய் அசையவில்லை. "ஏறு ராசா," என்கிறாள் யூஜினா. அவள் முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டு, அவள் சொன்னதற்காக, அது ஏறுகிறது.