சாவி கொடுக்கிற வாட்ச்

"உன்னை நம்பித் தர்றேன். பத்திரம்!"

வாட்சைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மாமனார் கண் ஆபரேஷனுக்கு உள்ளே போனார். அவர் போன சூடு ஆறுவதற்குள் மருமகள் அதை உடைத்துவிட்டாள்.

பைக்குள் போட்டால் சில்லறையோடு உரசுமே என்று கையில் கட்டிக்கொண்டதுதான் வினை. தொளதொளவென்று கிடந்த செயின், ஆஸ்பத்திரி மாடிப்படியில் நழுவி, வாட்ச் நேரே கீழ்த்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஓடிப் போய் எடுத்தாள். கண்ணாடி தூள். முள் ஒன்று தனியாக ஆடிக்கொண்டிருந்தது.



மாமனார் ரிட்டயரான விளையாட்டு வாத்தியார். ஓட்டப் பந்தயத்துக்கு நேரம் பார்க்கிற வாட்ச் அது. பெரிய முகத்துக்குள் மூன்று குட்டி வட்டம், பக்கவாட்டில் இரண்டு பட்டன். அவர் தயார் செய்த பிள்ளைகள் ஜெயித்ததையெல்லாம் அளந்தது.

தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு அதற்குச் சாவி கொடுப்பார். கொடுக்கும்போதே பிரசங்கமும் ஆரம்பமாகிவிடும்.

"பொருளை வச்சுக்கத் தெரியணும். இந்தக் காலத்துல யாருக்குத் தெரியுது?"

அப்பேர்ப்பட்ட மனுஷர் அவளை நம்பி ஒரு பொருளைக் கொடுத்தது இதுதான் முதல் தடவை. இனி இந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட நம்பித் தர மாட்டார்.

"மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன் அத்தை" என்று மாமியாரிடம் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எதிர்த்த வாட்ச் கடைக்கு ஓடினாள்.

"இதைச் சரி பண்ண முடியுமாங்க? ரொம்பப் பழைய வாட்ச். இப்பல்லாம் கிடைக்கவே கிடைக்காது."

கடைக்காரர் பின்மூடியைத் திறந்து பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பழசுன்னு யாரும்மா சொன்னா? பழைய மோஸ்தர்ல வர்ற புது வாட்ச் இது. உள்ள பேட்டரி. இதே மாடல் ஷோகேஸ்ல நாலு நிக்குது, பாருங்க."

"இல்லைங்க. தினமும் சாவி கொடுப்பாரே!"

"கொடுக்கட்டும். திருகு அது பாட்டுக்குச் சுத்தும். வாட்சுக்கும் நஷ்டமில்ல, அவருக்கும் நஷ்டமில்ல."

விலைச்சீட்டைப் பார்த்தாள். அவள் காலில் கிடந்த செருப்பே இதைவிட விலை அதிகம். அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு உடனே மனசு கேட்கவில்லை. பாவம், யாரோ அவர் தலையில் நன்றாக மிளகாய் அரைத்திருக்கிறார்கள்.

கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

"ஐயோ, இதுவும் ஓடலையே!"

"அந்தப் பெரிய முள்ளு பட்டனை அமுக்கினாத்தான் ஓடும்மா. நொடிக்கு இந்தக் குட்டி வட்டத்தைப் பாருங்க."

"அந்தப் பழைய செயினையே இதுல மாட்டிக் கொடுத்துடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "புதுச் செயின்னா கண்டுபிடிச்சிடுவார்."

திரும்பினாள். மாமியார்!

"அத்தை... கை தவறி..."

"படியில உக்காந்து நீ கண்ணாடிச் சில்லைப் பொறுக்கினதைப் பார்த்துட்டுத்தான் வர்றேன்." மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ உடைச்சது டூப்ளிகேட். அசலை முடிச்சுக் கட்டினவ நான்."

"என்னத்தை சொல்றீங்க?"

"கொஞ்ச வருஷம் முன்னாடி அவர் காய்ச்சல்ல படுத்திருந்தப்போ, சட்டைப் பையைப் பார்க்காம வாஷிங் மெஷின்ல போட்டுட்டேன். வெளிய எடுத்தா வாட்ச் முழுக்கத் தண்ணி. அவர் எழுந்திரிக்கறதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு வாங்கி மேஜையில வச்சேன். அன்னிலேருந்து அவர் சாவி கொடுக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடிச்சுக்கும்."

"மாமா கண்டுபிடிக்கவே இல்லையா?"

"பிரசங்கம் பண்ணவே அவருக்கு நேரம் போதல. இதுல எங்க கண்டுபிடிக்கறது?"

மருமகளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மாமியாரும் சேர்ந்துகொண்டாள். இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்ட நிம்மதி அவளுக்கு, தலை தப்பிய நிம்மதி இவளுக்கு. கடைக்காரர் செயினை மாற்றி முடிக்கும்வரை இருவரும் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்கள்.

மாலையில் மாமனார் ஒரு கண்ணில் கட்டோடு வெளியே வந்தார். மாமியார் மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"வாட்ச் எங்கம்மா?"

கொடுத்தாள். வாங்கியவர் கட்டைவிரலால் அதன் பின்பக்கத்தை மெல்லத் தடவினார். வாசல்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உடைச்சிட்டியா?"

"எப்... எப்படித் தெரிஞ்சுது மாமா?"

"பின்மூடி வழவழன்னு இருக்கே. பழசுல ஒரே கீறலா இருக்கும்."

"தப்பு என்மேலதான் மாமா. உங்க பழைய வாட்ச்..."

"அசல் எப்பவோ போயாச்சு, விடு. கை தவறுறதுதான். உங்க அத்தைகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா."

அவள் சரியென்று தலையாட்டினாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"அது சரி மாமா, பழசுல எப்படி அத்தனை கீறல்?"

"பேட்டரி தீர்ந்துடும்ங்கறதே அவளுக்குத் தெரியாதும்மா. வாட்ச் நின்னு போனா மாட்டிக்குவாளேன்னு, நான்தான் அப்பப்ப திருட்டுத்தனமா போய், பின்மூடியைத் திறந்து மாத்திட்டு வருவேன்."