மீன் படம் போட்ட முகமூடி

சுகாதார நிலையத்துச் சுவரெல்லாம் யானையும் முயலும். ஊரில் பாதிப்பேர் பத்து வயதுக்குள் என்பதால், நாற்காலியிலிருந்து மருந்துவரை இங்கே எல்லாமே பிள்ளைகள் அளவுதான். அப்படியொரு குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து மூச்சுக்குத் திணறுகிறாள் தையற்காரரின் மனைவி. மீன் படம் போட்ட முகமூடி அவள் மூக்கைத்தான் மூடுகிறது. மெஷினிலிருந்து வரும் மருந்துப் புகை ஓரமெல்லாம் கசிந்து வீணாகிறது. "பெரியவங்க சைஸ் வர்றதே இல்லைங்கய்யா," என்று நர்ஸ் தலைகுனிகிறாள். தையற்காரர் கசியும் இடத்தை விரல்களால் பொத்திப் பிடிக்கிறார். இருபத்தெட்டு வருஷமாகியும் ஒரு பிள்ளை வாய்க்காத இருவரைச் சுற்றி இன்று அறை நிறையப் பிள்ளைகள். அப்போது உதடு நீலம்பாரித்த குழந்தையோடு ஓர் இளம் தாய் ஓடி வருகிறாள். இருப்பதோ ஒரே ஒரு மெஷின். நர்ஸ் வாய் திறப்பதற்குள் மனைவி முகமூடியைக் கழற்றிவிடுகிறாள். "என்னடி பண்றே?" என்று பதறுகிறார் அவர். "பச்சமண்ணுங்க அது. நான்... தாங்கிக்குவேன்." நர்ஸ் குழந்தைக்கு வேறு முகமூடி மாட்டுகிறாள். மெஷின் உறுமுகிறது, குழந்தையின் உதடு மெல்லச் சிவக்கிறது. தையற்காரர் மனைவியின் முதுகைத் தடவியபடி, அந்த இரைச்சலுக்குள் அவள் மூச்சு கேட்கிறதா என்று அவள் வாயருகே காதை வைத்துக்கொண்டிருக்கிறார்.