முப்பது மீட்டர்

"அந்தப் புல்லுக்கட்டை என்கிட்ட குடுங்கக்கா."

தோட்ட வேலை பார்க்கும் அஞ்சலை விழித்தாள். "உங்களுக்கு எதுக்கும்மா?"

கட்டைக் கேட்ட பொறியாளருக்குச் சொல்ல நேரமில்லை. சோதனைப் பாதையின் மறுமுனையில் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

தானே ஓடும் வண்டி. எதிரே வருவது ஆள் என்று கண்டுகொள்ள அதற்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

பதினோரு வருட உழைப்பு.

சோதனையில் ஆளுக்குப் பதிலாக நிறுத்தும் ரப்பர் பொம்மை காலையில் கிழிந்துபோனது. பந்தலில் விருந்தினர்கள். நிறுவனத்தின் இயக்குநர் ரகுநந்தன், அந்தப் பக்கமாகப் போன அஞ்சலையைக் கைதட்டிக் கூப்பிட்டார். வண்டிக்கு எதிரே கட்டோடவே நட, போட்டோவுக்கு நல்லா இருக்கும் என்றார்.

தலைச்சுமையோடு நடந்தவர்களைப் போன வாரச் சோதனையில் வண்டி பார்க்கவே இல்லை. வண்டியின் திரையில் அவர்கள் இருந்த இடம் காலியாக இருந்தது. அறிக்கையில் எழுதினாள். அந்தப் பக்கத்தை அவர் எடுத்துவிட்டார்.

இப்போதும் அவரிடம் சொன்னாள்.

"உள்ளே டிரைவர் சவரிமுத்து இருக்கான்ல? ஆபத்துன்னா பிரேக் போடுவான்," என்றார் ரகுநந்தன்.

அவள் அஞ்சலையிடமிருந்து கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். பாதையில் இறங்கினாள்.

வண்டி கிளம்பியது.

ஆளுக்கு முப்பது மீட்டர் முன்னால் அது வேகம் குறைக்க வேண்டும். அந்த இடத்தில் வெள்ளைக்கோடு போட்டிருந்தார்கள்.

கால்கள் நடந்தன. அவளுக்குத் தன் கால்கள் என்றே தோன்றவில்லை.

வண்டி வெள்ளைக்கோட்டைத் தாண்டியது.

வேகம் குறையவில்லை.

ஓட நினைத்தாள். உடம்பு அசையவில்லை. அம்மா என்று கத்தியது தன் குரலா என்று தெரியவில்லை.

டயர் கிறீச்சிட்டது.

முழங்காலில் சூடான இரும்பு உரசி நின்றது.

பந்தலில் கைதட்டல்.

அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். சவரிமுத்துவின் முகமெல்லாம் வியர்வை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தான். அவளைப் பார்த்து, இல்லை என்று மெல்லத் தலையாட்டினான்.

நிறுத்தியது வண்டி இல்லை, அவன்.

ரகுநந்தன் சிரித்தபடி ஓடி வந்தார். "பிரமாதம்! ஆனா போட்டோ சரியா விழலையாம். இன்னொரு தடவை. இந்த முறை சவரி இறங்கிடட்டும். உள்ளே ஆளே இல்லைன்னு தெரியணும்."

அஞ்சலை கட்டை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள்.

அவள் கொடுக்கவில்லை. இறக்கி, இயக்குநரின் முன்னால் நீட்டினாள். பந்தல்வரை கேட்கும்படி சொன்னாள்.

"இந்தத் தடவை நீங்க நடங்க சார்."

அவர் சிரித்தார். பந்தலிலும் சிலர் சிரித்தார்கள்.

அவள் கையை மடக்கவில்லை.

சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது.

ரகுநந்தன் திரும்பி வண்டியைப் பார்த்தார்.