அபர்டீனில் கொடி நாள்

லண்டன் தபாலட்டைக் கம்பெனி ஹாப்டேயை ஸ்காட்லாந்தின் அபர்டீனுக்கு அனுப்பியது ஒரே ஒரு படத்துக்காகத்தான். கொடி நாளன்று ஈ காக்கை இல்லாத கடைத்தெரு. உண்டியலுக்குப் பயந்து ஊரே வீட்டுக்குள் பதுங்கிவிட்டதாம்! அபர்டீன்காரன் கஞ்சன் என்று சொன்னாலே இங்கிலாந்தில் சிரிப்பார்கள். அட்டை சுடச்சுட விற்கும்.

வந்து பார்த்தால் தெருவில் கால் வைக்க இடமில்லை. கடலில் தத்தளிப்பவர்களை மீட்கும் படகுக்காக அன்று வசூல். வண்டிக்காரர் முதல் பாதிரியார் வரை எல்லார் சட்டையிலும் உண்டியலில் காசு போட்டதற்கு அடையாளமாகக் காகிதக் கொடி.

ஹாப்டே காமிராவை நட்டுவைத்துக் காத்துக் கிடந்தும் கூட்டம் குறைந்தபாடில்லை. படமில்லாமல் வந்தால் வேலை இல்லை என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார். வீட்டிலோ பிள்ளை பெற்ற மனைவி.

உண்டியலோடு சுற்றிக்கொண்டிருந்த மீன்காரி ஜெசிமா, ஏன் இப்படிப் பேயறைந்தவன் மாதிரி நிற்கிறாய் என்று விசாரித்தாள். அவன் மென்று விழுங்கி உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"எங்களைக் கஞ்சன்னு காட்டினாத்தான் உன் வீட்ல அடுப்பெரியுமா?"

"ஆமாம்மா." அவனால் தலை நிமிர முடியவில்லை.

ஜெசிமா கொஞ்சம் யோசித்தாள். காமிராவைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கடை கடையாகப் போனாள். பச்சைப்பிள்ளைக்காரன், பாவம், பிழைப்புப் போய்விடும் என்று எல்லோரிடமும் சொன்னாள். ரொட்டிக்கடைக்காரர் தலையிலடித்துக்கொண்டார், ஆனாலும் வாசலில் நின்றவர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். டிராம் திருப்பத்திலேயே நின்றுகொண்டது. தெரு காலி.

"சீக்கிரம் எடுய்யா, உள்ள மூச்சு முட்டுது" என்றது ஒரு கதவிடுக்கு.

எடுத்துவிட்டான். கதவுகள் திறந்தன, ஜனங்கள் வெளியே வந்து அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஹாப்டேக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஜெசிமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னான்.

அவன் காமிராவை மூட்டை கட்டும்போது அவள் உண்டியலை நீட்டினாள்.

பையில் காசு இருக்கத்தான் செய்தது. "சில்லறை இல்லையேம்மா" என்றான்.

அவள் கோபிக்கவில்லை. தன் இடுப்புப் பையிலிருந்து ஒரு பென்னியை எடுத்து உண்டியலில் போட்டாள். அவன் கோட்டில் ஒரு கொடியைக் குத்திவிட்டாள்.

"இது இல்லாம ரயிலேறாத தம்பி. உன்னை அபர்டீன்காரன்னு நெனச்சுடப் போறாங்க."