ஒரே ஒரு லிங்க்

"முடியாதுடி லதா. என் சைட்ல உன் லிங்க்கைப் போட முடியாது."

மதுவந்தி இப்படிப் பட்டென்று சொல்வாள் என்று ஸ்வர்ணலதா எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் இரண்டு பேருக்கும் ஒரே பெஞ்ச்.

"ஏன் மது? மயிலாப்பூர் உற்சவம், கச்சேரி, தண்ணி வராத நாள்னு எல்லாத்தையும் போடற. ஓரமா என் பேரையும் போடேன். அதைத் தொட்டா என் சைட்டுக்கு வரணும், அவ்வளவுதான் கேக்கறேன்."

"லிங்க் எல்லாம் சும்மாடி. அதுக்காக அலையாதே. வேற வழியைப் பாரு."

போனை வைத்துவிட்டாள்.

ஸ்வர்ணலதாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டு, வீல்சேர், வாக்கர், நோயாளிக் கட்டில் எல்லாம் வாடகைக்கு விடும் தொழிலை ஆரம்பித்திருந்தாள். அசோக் நகர் வீட்டின் கார் ஷெட்டில் அத்தனையும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றன. வெப்சைட்டும் தயார். போன்தான் அடிக்கவில்லை.

சைட்டைச் செய்து கொடுத்த ஹரிதான் அந்த யோசனையைச் சொன்னவன்.

"புது சைட்டை கூகிள் சட்டுனு நம்பாது மேடம். நாலு பேர் படிக்கிற பழைய சைட் ஏதாவது உங்களைக் கை காட்டணும். அதுக்குப் பேர்தான் பேக்லிங்க்."

மதுவந்தியின் சைட்டைத் திறந்து கோபத்தோடு தள்ளிக்கொண்டே போனவள், அடியில் ஒரு மூலையைப் பார்த்ததும் நின்றாள்.

"என்னங்க, இங்க வாங்க! வீல்சேர் வாடகைன்னு யாரோ ஒரு கம்பெனி. அவனுக்கு லிங்க் குடுத்திருக்கா. எனக்கு மட்டும் சும்மாவாம்!"

தி.நகர் பாத்திரக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த வைரவன் எட்டிப் பார்த்தான்.

"அவ சைட், அவ இஷ்டம். விட்டுத் தொலை."

"பொறாமைங்க. நான் மேல வந்துடக் கூடாது, அதான்."

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. யோகா சொல்லித் தருபவர், சமையல் எழுதுபவர், ஊர் சுற்றுபவர் என்று சைட் வைத்திருந்த யாரையும் விடவில்லை. மெயில் மேல் மெயில். சிலர் பதிலே போடவில்லை. சிலர் லிங்க்குக்குப் பதிலாகக் கட்டுரை கேட்டார்கள், உட்கார்ந்து எழுதினாள். கடைசியில் யோகா சைட்டில் மட்டும் அவள் லிங்க் வந்தது. குக்கர் விசில் அடித்தது தெரியாது. சாப்பிடும்போதும் இடது கையில் போன். கூகிளில் தன் பேரைத் தேடுவாள், இருக்காது, மறுபடி தேடுவாள்.

"இந்த நேரத்துக்கு நாலு தெரு சுத்தி நோட்டீஸ் குடுத்திருக்கலாம்" என்றான் வைரவன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாது. பேசாம இருங்க."

திடீரென்று ஒரு நாள் காலையில் போன் வந்தது. மந்தைவெளியிலிருந்து, வாக்கர் வேண்டுமாம். மத்தியானம் ராஜா அண்ணாமலைபுரம், கட்டில். மறுநாள் அடையாறிலிருந்து ஒருவர். அந்த வாரத்திலேயே ஷெட் பாதி காலி.

"ஹரி, பேக்லிங்க் வேலை செய்யுது!"

"அப்படியா மேடம்? ஆனா சைட்டுக்கு ஆளுங்க வந்த மாதிரியே தெரியலையே..."

அவன் முடிப்பதற்குள் வேறொரு அழைப்பு. அவன் லைனைக் கட் செய்துவிட்டாள்.

மனசு மட்டும் ஆறவில்லை. மதுவந்திக்கு ஒரு மெசேஜ் தட்டினாள்: 'நீ லிங்க் தரலைன்னா நான் ஒண்ணும் நின்னுடலை. போன் எடுத்து மாளலை.'

உடனே பதில் வந்தது: 'ரொம்ப சந்தோஷம்டி.'

"வயித்தெரிச்சலை எப்படி மறைக்கறா பாருங்க" என்று அதையும் வைரவனிடம் காட்டினாள்.

அன்று சாயங்காலம் மயிலாப்பூரில் ஒரு ஃப்ளாட்டுக்கு வீல்சேர் கொண்டுபோனாள். சுப்புலக்ஷ்மி என்ற மாமி கதவைத் திறந்தாள். கணவருக்கு முழங்கால் ஆபரேஷன். பிரேக் போடுவது, காலை வைக்கும் பலகையை மடக்குவது எல்லாம் காட்டிக் கொடுத்த பிறகு, ஸ்வர்ணலதாவால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"மாமி, எந்த சைட்ல என் பேரைப் பாத்தீங்க? யோகா சைட்லயா?"

"சைட்டா? அதெல்லாம் யாரு பாத்தா? எங்க அக்கா பொண்ணு மதுவந்திதான் சொன்னா. கோயில், சபா, ஃப்ளாட் மீட்டிங்னு போற எடத்துல எல்லாம் உன் நம்பரைத்தான் குடுத்துண்டிருக்கா. உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு வேற சொல்லியிருந்தா. பேச்சு வாக்குல சொல்லிட்டேன் பாரு."

ஸ்வர்ணலதாவின் கை வீல்சேர் பிடியிலேயே நின்றது.

"அப்போ... அவ சைட்ல என் லிங்க்கை ஏன் போட மாட்டேன்னா?"

மாமி உள் அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வெளியில சொல்லிடாதேம்மா. பணம் வரதேன்னு கண்ட கம்பெனி லிங்க்கையும் போட்டிருக்கா. காசுக்கு லிங்க் போடறது தப்புன்னு கூகிள் அவ சைட்டையே ஒதுக்கி வெச்சுடுத்து, இப்போ தேடினாக்கூட வரதில்லையாம். 'இதுல லதா பேரையும் போட்டா, இப்பத்தான் ஆரம்பிச்சவ, அவளுக்கும் கெட்ட பேர் ஒட்டிக்கும் சித்தி. பொறாமைன்னு நெனச்சா நெனச்சுக்கட்டும்'னு சொன்னா."