சோபாவைக் கடித்த எலி

ஒரு வீட்டில் மிளகு என்று ஒரு கறுப்புப் பூனை இருந்தது. நகம் தீட்ட அதற்குச் சோபாவின் கைப்பிடிதான் வேண்டும். வீட்டுக்காரி பூங்கோதை ஒரு கட்டையில் தேங்காய் நார்க் கயிற்றைச் சுற்றி நிறுத்தினாள். பூனையின் முன்னங்காலைப் பிடித்து அதில் தேய்த்தும் காட்டினாள். மிளகு அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எனக்கு வலிக்காதா?” என்றது சோபா.

“உன்னைக் கீறினா வர்ற சத்தம் அந்தக் கயித்துல வருமா?” என்றது மிளகு.

ஒருநாள் பூங்கோதையின் பெரிய நாத்தனார் வந்தாள். இனி சோபாவில் ஒரு கீறல் விழுந்தாலும் பூனையை மீன் மார்க்கெட்டில் விட்டுவிட வேண்டும் என்று போன தடவையே சொல்லிவிட்டுப் போனவள். பூங்கோதை அவசரமாகக் கைப்பிடிமேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள். நாத்தனார் அதைத் தூக்கிப் பார்த்தாள்.

“இது என்ன?”

பூங்கோதை துண்டை மறுபடி இழுத்து மூடினாள். “எலி கடிச்சிருச்சு அண்ணி.”

“பூனை இருக்கிற வீட்லயா?”

“அது பாவம் அண்ணி. அதுக்கு எலி பிடிக்க வராது.”

நாத்தனார் மிளகைப் பார்த்துச் சிரித்தாள். போன வாரம்தான் மூன்று எலி பிடித்திருந்தது மிளகு. இப்போது வாயைத் திறக்க வழியில்லை. சோபா நினைத்திருந்தால் உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். அதுவும் பேசாமல் இருந்தது. அதுதான் மிளகுக்கு இன்னும் சுருக்கென்றது.

நாத்தனார் கிளம்பியதும் மிளகு சுவரோரமாகவே நடந்து கட்டையிடம் போனது.

ஒரு மாதமாக யாரும் தொடாத கட்டை, “யாரது?” என்று கேட்டது.

மிளகு தலையைத் தூக்கவில்லை.

“எலி” என்றது.