மூன்றாவது பை

"பையைக் கீழே வை" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

அவன் வைத்தான். இடது தோளில் மகள் முனகிக்கொண்டிருந்தாள். பத்து மாதக் குழந்தை. காலையிலிருந்து புட்டிப் பாலைத் துப்பிக்கொண்டே இருந்தாள்.

சாலை துடைத்துவிட்டதுபோல் காலியாகக் கிடந்தது. அமைச்சர் எட்டரைக்கு வருவார் என்றார்கள். இப்போது மணி பதினொன்று.

எதிர்ப்புறம் பத்தடிக்கு ஒருவராகக் காவலர்கள். சாலைக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்து நின்றார்கள். மூன்றாவதாக நின்றவள் கோகிலா. அவன் மனைவி.

பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பி அவளுக்கு இது நான்காவது நாள்.

காலையில் கிளம்பும்போதே சொல்லியிருந்தாள். "பத்து மணிக்குப் பாப்பாவத் தூக்கிட்டு வந்துருங்க. வேன்ல வெச்சுப் பால் குடுத்துக்கறேன்."

பத்து மணியிலிருந்து அவன் தடுப்புக்கு இந்தப் பக்கம் நிற்கிறான்.

சப்-இன்ஸ்பெக்டர் லத்தியால் பையைத் தட்டிப் பார்த்தார். "என்னய்யா இது, இத்தன ஜிப்பு?"

"பாப்பா பைங்க சார். நானே தெச்சதுங்க."

"நீ தெச்சதா?"

அவர் குரல் மாறியது. கடையில் வாங்கியிருந்தால் விட்டிருப்பார் போல.

அவன் லாரி சீட்டுகளுக்குக் குஷன் தைப்பவன். இது அவன் தைத்த மூன்றாவது பை. முதல் பையில் பிளாஸ்க் சாய்ந்து துணியெல்லாம் நனைந்தது. இரண்டாவது கிணறு மாதிரி ஆழம். வேண்டியதை எடுப்பதற்குள் பிள்ளை குஷன் கடை மேசையை நாசம் பண்ணிவிட்டாள்.

மூன்றாவதற்குப் பதினோரு நாள் பிடித்தது. அடியில் சீட்டு ஸ்பாஞ்ச், வைத்தால் நிற்கும். பிளாஸ்க்குக்கு நிமிர்ந்த உறை. உலர்ந்த துணி வலது பக்கம், நனைந்தது இடது பக்கம், நடுவே இரட்டைத் தையல் போட்ட ரெக்சின் தடுப்பு. காய்ச்சல் மருந்துக்கு வாய்ப்பக்கம் ஒரு குட்டி அறை. டயப்பர் வெளியே, ஒற்றைக் கையால் இழுத்தால் வரும்படி. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் பழகியிருந்தான்.

தைத்து முடித்த அன்று கோகிலா எல்லா ஜிப்பையும் திறந்து மூடிப் பார்த்தாள். "என் யூனிபார்ம்லகூட இத்தன பாக்கெட் இல்லைங்க" என்று சிரித்தாள்.

"பிள்ளையோட அம்மா எங்க?" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"அதோ நிக்கறாங்க சார். மூணாவது ஆளு. பாப்பாவுக்குப் பசிங்க சார். அஞ்சு நிமிசம் போதும்."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டூட்டியில நிக்கற வரைக்கும் அது போலீசு. வீட்டுக்குப் போயித்தான் அம்மா."

அவனுக்குக் காது மடல் எரிந்தது.

அதற்குள் அவர் பையைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டார்.

எல்லாம் தார்ச்சாலை ஓரத்தில் விழுந்தது. பிளாஸ்க் உருண்டு மூடி கழன்றது. வெந்நீர் ஓடியது. உலர்ந்ததும் நனைந்ததும் ஒரே குவியல். மருந்துப் புட்டி எங்கேயோ தெறித்துப் போனது.

சப்-இன்ஸ்பெக்டரின் லத்தி, பேப்பரில் இறுக்கிச் சுற்றிய ஒரு பொட்டலத்தில் வந்து நின்றது.

"இதப் பிரி."

"சார், அது வந்து..."

"பிரின்னா பிரி."

பிரித்தான்.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்வாங்கினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு நாள் உழைப்பு தெருவில் கிடந்தது.

அப்போதுதான் மகள் வாய்விட்டு அழுதாள். ஆள் இல்லாத சாலையில் அந்த அழுகை எதிர்ப்புறம் வரை போனது.

மூன்றாவது முதுகு அசைந்தது.

தூரத்தில் சைரன். யாரும் சாலைக்கு வரக்கூடாது என்று மைக்கில் கத்தினார்கள்.

கோகிலா திரும்பினாள்.

காக்கிச் சட்டையின் மார்பில் இரண்டு பக்கமும் ஈரம் படர்ந்திருந்தது. அது வியர்வை இல்லை.

சாலையில் இறங்கினாள். ஓடவில்லை. காலையிலிருந்து ஒருவர் காலும் படாத அந்தச் சாலையை நடந்தே கடந்தாள்.

"ஏம்மா! உன் எடத்துக்குப் போ! கான்வாய் வந்துருச்சு!"

அவள் சப்-இன்ஸ்பெக்டருக்கு முன்னால் வந்து நின்றாள். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தாள்.

"பாப்பாவுக்குப் பசிக்குதுங்க சார். எனக்கு வலிக்குதுங்க சார்."

கணவன் தோளிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, ஓரமாக நின்ற போலீஸ் வேனில் ஏறினாள். ஜன்னலில் ஒரு துண்டு திரையாக விழுந்தது.

சைரன் நெருங்கியது.

"எடுய்யா! எல்லாத்தையும் எடு!"

அவன் குந்தினான். ஒவ்வொரு துணியாக உதறினான். உலர்ந்தது வலது பக்கம். நனைந்தது இடது பக்கம். அவசரமே படவில்லை. அவசரப்பட வேண்டியது அவர்தான் என்று இருந்தது அவனுக்கு.

பொறுக்கமாட்டாமல் சப்-இன்ஸ்பெக்டரே குனிந்து கைக்கு அகப்பட்டதை அள்ளினார். அதற்குள் முதல் கார் வளைவில் திரும்பிவிட்டது. அப்படியே நிமிர்ந்து சல்யூட் வைத்தார். இடது கையில், முதுகுக்குப் பின்னால், இரண்டு டயப்பர்.

ஒன்பது கார்கள். எல்லாவற்றிலும் கண்ணாடி ஏற்றியிருந்தது. எதிர்ப்புறம் மூன்றாவது இடம் காலியாகக் கிடந்ததை ஒரு காரும் நின்று பார்க்கவில்லை.

அரை நிமிடம். புழுதி அடங்கியது.

"மெமோ வரும்னு சொல்லு அவகிட்ட."

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

"நீங்களே சொல்லுங்க சார். வேன்லதான் இருக்காங்க."

சப்-இன்ஸ்பெக்டர் வேன் பக்கம் பார்த்தார். துண்டு லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

அவர் போகவில்லை. டயப்பர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.